பெயர் சீவிய மரிம்பா

அன்பு மகள் ஓத்திலியாவுக்கு,

முதலில் இந்தக் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான். ஆனாலும் என் எழுத்துகள் கோட்டின் மேல் உட்கார மாட்டேன் என்கின்றன, ஈரமான பூண்டுப் பாத்தியில் கோழி நடந்துபோன மாதிரி மேலும் கீழுமாகக் கிடக்கின்றன. பேனாவை அழுத்திப் பிடிக்காதீர்கள் தாத்தா என்று எனக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் நொயேமி டீச்சர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். இந்தத் தாளில் இரண்டு இடத்தில் கிழிசல் இருக்கும். அது எழுதத் தெரியாமல் கிழிந்தது இல்லை, கோபத்தில் கிழிந்தது, அந்த இடம் வரும்போது உனக்கே தெரியும். நானும் உன் அம்மாவும் நலமாகத்தான் இருக்கிறோம். குளிர் வந்தால் அவள் முழங்கால் முனகுகிறது, மற்றபடி அவள் நாக்குக்கு எந்த நோயும் இல்லை. இந்த வருஷம் ஆகுவாகாத்தானில் பூண்டு நன்றாகத் திரண்டிருக்கிறது, ஊரே மணக்கிறது. நீயும் எல்லை தாண்டி அங்கே சாலாப்பா இசைப் பள்ளியில் நேரத்துக்குச் சாப்பிட்டு, அந்த ஊர் மழையில் நனையாமல், உடம்பு தேறி இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இதுவரை என் கடிதமெல்லாம் உன் அத்தை மகள் கையால்தானே வந்தது. நான் ஒரு மணி நேரம் கத்தித் தீர்ப்பேன், அவள் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, அப்பாவுக்குச் சற்று மனவருத்தம் என்று ஒரு வரி எழுதி மடித்துவிடுவாள். என் கோபமெல்லாம் சர்க்கரை போட்டு ஆறவைத்த கஞ்சியாகத்தான் உன்னிடம் வந்து சேர்ந்தது. இனி அப்படி இல்லை. இது அடுப்பிலிருந்து இறக்கின சூட்டோடு வருகிறது. ஒவ்வொரு எழுத்தும் நானே போட்டது. எனக்கு எவ்வளவு கோபமோ அதே அளவுக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது, இந்த வயதில் ஒரு மனிதன் தன் கோபத்தைத் தானே எழுத முடிகிறதென்றால் சும்மாவா. ஏன் போனில் பேசவில்லை என்று நினைப்பாய். போனில் நீ அழுதுவிடுவாய், எனக்குக் கோபம் போய்விடும். காகிதத்தில் நீ அழுதால் எனக்குக் கேட்காது.

மரிம்பா விஷயத்துக்கு வருகிறேன். நீ பணம் அனுப்பினாய். அந்த ஊர் உணவு விடுதியில் சாயங்காலமெல்லாம் நின்று வாசித்துச் சேர்த்த பணம், எனக்குத் தெரியும். ஐந்து ஸ்தாயி வேண்டும் என்றாய், கோலால் தட்டுகிற கட்டைகள் நம்ம ஊர் ஓர்மிகோ மரத்தில் இருக்க வேண்டும் என்றாய், மரத்தை நானே தட்டிப் பார்த்து எடுக்க வேண்டும் என்றாய். எடுத்தேன். அதோடு நின்றாயா, கீழே தொங்கும் ஒலிப்பெட்டிகளில் பன்றிக்குடல் சவ்வு ஒட்ட வேண்டாம், அந்த ரீங்காரம் எங்கள் பாடத்துக்கு ஆகாது என்றும் சொன்னாய். அதைக் கேட்டபோதே எனக்கு ஒரு கோபம் வந்தது, அது வேறு கோபம், பழைய கோபம். அந்த இரைச்சல் இல்லாத மரிம்பா எனக்கு உப்பில்லாத சோளத் தமால் மாதிரிதான். மரிம்பா செய்கிற தொன் மக்காரியோ என்னைவிட அதிகமாகக் குதித்தார், உன் பெண்ணுக்கு ஊமைப் பெட்டி வேண்டுமென்றால் தச்சனிடம் போ என்றார். ஆனால் வாசிக்கப் போகிறவள் நீ, கேட்கப் போகிற காது உன் காது. அதனால் சவ்வு ஒட்டுகிற ஓட்டையைப் போட்டு மெழுகு வைத்து அடைத்துக் கொடுங்கள், என்றைக்காவது வேண்டுமென்றால் அவளே திறந்துகொள்வாள் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். அந்தக் கோபத்தை நான் விழுங்கிவிட்டேன். இப்போது சொல்லப் போவதைத்தான் விழுங்க முடியவில்லை.

உன் சித்தப்பாமார் இரண்டு பேரையும் உனக்குத் தெரியும். ஹசிந்தோவும் லிசாந்த்ரோவும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் எரிச்சலே. கெட்டவர்கள் என்றால் ஒரே வார்த்தையில் துரத்திவிடலாம். மக்காரியோவின் பட்டறையில் உன் மரிம்பா வளர வளர இவர்கள் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும் ஏதோ பாசம் என்று நினைத்தேன். பிறகுதான் உன் அம்மா வந்து சொன்னாள், ஹசிந்தோ புதுக் கோட்டு தைக்கக் கொடுத்திருக்கிறான், லிசாந்த்ரோ சாலாப்பாவில் சாப்பாடு உறைப்பாக இருக்குமா என்று விசாரிக்கிறான் என்று. எதற்கு என்று கேட்டேன். அவர்களும் மரிம்பாவோடு உன்னிடம் வருகிறார்களாம். ஒரு மரிம்பாவுக்கு மூன்று பேர் வேண்டும், நீ ஒருத்தி, அப்படியென்றால் மீதி இரண்டு பேர் யார், இவர்கள்தானே என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். எவ்வளவு சொன்னேன் தெரியுமா. அவள் ஒரு கையில் இரண்டு கோல், மறு கையில் இரண்டு கோல், மொத்தம் நாலு கோல் பிடித்துத் தனியாக வாசிக்கிறாள், அந்தப் படிப்பே அதுதான் என்றேன். ஹசிந்தோ சிரித்தான்.

"நாலு கோல் புடிச்சா நாலு ஆளாயிடுவாளாண்ணே? மந்தரப் பக்கத்துக்கும் உச்சப் பக்கத்துக்கும் ஓடிக்கிட்டே இருக்க அவ என்ன தபால்காரியா?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அங்கேதான் விட்டுக்கொடுத்தேன். ஒரு ஆள் ஒரு மரிம்பாவைச் சொந்தமாக வைத்துக்கொள்வது என்பது அவர்கள் தலைக்குள் ஏறவே இல்லை. நம் வீட்டுப் பழைய மரிம்பா மூன்று பேருக்கும் பொது, கோட்டு பொது, லாரி வாடகை பொது, அப்படியே வளர்ந்தவர்கள். ஆனால் தலைக்கு ஏறாதது வேறு, கை நீள்வது வேறு. இது நடந்தது மரிம்பாவின் ஞானஸ்நானத்தன்று. பட்டறையிலிருந்து வெளியே போகும் முன் மரிம்பாவுக்குப் பெயர் வைத்து, ஞானத்தகப்பன் நிறுத்தி, பாதிரியார் தண்ணீர் தெளித்து, மேலே கொஞ்சம் சாராயமும் தெளித்துத்தானே அனுப்ப வேண்டும். முன்பலகையில் வெள்ளை மரத்தால் உன் பெயரைப் பதிக்கச் சொல்லியிருந்தேன். துணியை விலக்கினார்கள். கூட்டம் கைதட்டியது, என் தம்பிகளும் தட்டினார்கள். போன வருஷம் என்றால் நானும் சேர்ந்து தட்டியிருப்பேன், என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு எங்கே தெரியும். இப்போது நான் கிட்டப்போய் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். ஓத்திலியா என்று இல்லை மகளே. மூன்று சகோதரர் என்று இருந்தது. ஹசிந்தோ தானே பட்டறைக்குப் போய் மாற்றிச் சொல்லியிருக்கிறான், மக்காரியோ நான்தான் அனுப்பினேன் என்று நினைத்துப் பதித்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பாதிரியார் தண்ணீரைத் தெளித்துவிட்டார். இதுதான் முதல் கிழிசல்.

அன்றைக்குச் சண்டை போட்டேன். ஹசிந்தோ என்ன சொன்னான் தெரியுமா, ஞானஸ்நானம் ஆன பிறகு பேரை மாத்தினா பாவம், மூன்று பேரில் அவளும் வருவாள், உங்க பங்குதானே அவளுக்கு என்றான். அவன் நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறான். லாரி கிடைக்கும் வரை தன் வீட்டில் பத்திரமாக வைக்கிறேன் என்று எடுத்துப்போனான், அவன் வீட்டுக் கூடம்தான் பெரியது. அப்புறம் ஒரு கல்யாணத்துக்கு எடுத்துப்போனான். என்னைக் கேட்கவில்லை, உன்னை போனில் கேட்டான். நீ என்ன சொன்னாய். பரவாயில்லை சித்தப்பா, ஒரு கல்யாணம்தானே என்றாய். அப்புறம் ஒரு பிறந்தநாள். பரவாயில்லை சித்தப்பா. அப்புறம் சந்தைத் திருவிழா, மழையில், மேலே ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு. பரவாயில்லை சித்தப்பா. மந்தரப் பக்கத்தில் கடைசிக்கு முந்தின கட்டை ஓரத்தில் வெடித்துவிட்டது. நான் மலைச்சரிவில் நின்று காதை வைத்துத் தட்டிப் பார்த்து எடுத்த மரம் அது. அதற்கும் பரவாயில்லை என்றுதான் சொன்னாயாம். இரண்டாவது கிழிசல் இந்த இடத்தில்தான், தாளைத் திருப்பிப் பார்.

உனக்கு ஏன் இப்படி ஒரு வாய் ஓத்திலியா. பள்ளிக்கூடத்திலும் இதுதான் நடக்கிறது என்று உன் அம்மா சொல்கிறாள். அங்கே இருக்கிற மரிம்பாவுக்கு எல்லாப் பிள்ளைகளும் முறை போட்டு வாசிக்கிறீர்கள், உனக்குக் கிடைப்பது விடிவதற்கு முன்னால் ஒரு கொஞ்ச நேரம், அதையும் பரீட்சை வைத்திருக்கிற ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டு நீ மேசை மேல் துண்டை விரித்துக் கோலால் தட்டிக்கொண்டிருக்கிறாயாம். உனக்குப் பரீட்சை இல்லையா. இதற்காகத்தானே சொந்தமாக ஒன்று வேண்டும் என்று அவ்வளவு நாள் நின்று வாசித்துச் சம்பாதித்தாய். இப்போது படிப்பு முடிந்து போகிற தோழி ஒருத்தி தன்னுடையதை விற்கிறாள், மரம் இல்லை, ஏதோ அச்சில் வார்த்த கட்டை, அதையே தவணையில் எடுத்துக்கொள்கிறேன், சித்தப்பாமார் மனம் நோக வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னாயாம். கேட்டுக்கொள். அந்த வார்ப்புக் கட்டையின் சத்தம்தான் உனக்கு வேண்டும் என்றால், வெயிலுக்கும் மழைக்கும் அது சுருதி மாறாது, தூக்கிக்கொண்டு அலைய சௌகரியம், அதனால் வேண்டும் என்றால், எடுத்துக்கொள். எனக்கு வயிறு எரியும், எரிந்துவிட்டுப் போகட்டும், அது உன் தொழில். ஆனால் ஹசிந்தோவுக்குப் பயந்து, அவன் முகம் வாடுமே என்று எடுத்தாயோ, நான் சாலாப்பாவுக்கே வந்து அதை வாசலில் தூக்கி வைப்பேன்.

போன சனிக்கிழமை என்ன நடந்தது என்பதை வேறு யார் சொல்வதற்கும் முன் நானே சொல்கிறேன். மேட்டுத் தெருவில் ஒரு கல்யாணம். எனக்கு அழைப்பு இருந்தது, வாசிக்க அழைப்பு இல்லை. நான் போகும்போது பந்தலில் உன் மரிம்பா நிற்கிறது, மந்தரத்தில் லிசாந்த்ரோ, நடுவில் ஹசிந்தோ, உச்சப் பக்கத்தில், நான் இத்தனை காலம் நின்ற இடத்தில், ஹசிந்தோவின் மருமகன். ஓட்டையில் அடைத்திருந்த மெழுகையெல்லாம் தோண்டி எடுத்துவிட்டுச் சவ்வு ஒட்டியிருந்தார்கள். நன்றாகத்தான் இரைந்தது, பொய் சொல்ல மாட்டேன். மணப்பெண்ணின் தகப்பன் ஆடிக்கொண்டிருந்தார், ஆடுகிறவரை நடுவில் நிறுத்துவது மரியாதை இல்லை என்று அந்தப் பாட்டு முடியும் வரை நின்றேன். முடிந்ததும் நேரே போய்க் கட்டைகளைக் கோத்திருக்கிற கயிற்றின் முடிச்சை அவிழ்த்து உருவினேன். கட்டைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து சத்தம் போட்டன, அந்தச் சத்தத்துக்குக் கூட்டமே திரும்பியது. ஹசிந்தோ குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, என்ன பண்றீங்க. ஜனங்க பாக்குது."

"பாக்கட்டும். இது எம் பொண்ணோடதுன்னு தெரிஞ்சுக்கட்டும்."

"உனக்குத்தான் இப்ப படிக்கத் தெரியுமே. முன்னால என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லேன்."

அதுவரை நீங்கள் நீங்கள் என்று பேசியவன், எல்லார் முன்னாலும் நீ என்று பேசிவிட்டான். படிச்சேன், அதனாலதான்டா வந்தேன் என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்குக் கட்டைகளை என் கம்பளியில் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்போது மாப்பிள்ளையின் தாய் கையில் கரண்டியோடு வந்து நின்றாள்.

"உங்க சண்டை உங்க வீட்டோட. என் வீட்டுக் கல்யாணத்துல இப்ப யாரு வாசிக்கிறது? நீங்க வாயாலயா பாடப்போறீங்க?"

அவள் கேட்டது நியாயம். என்ன செய்ய. ஒரு பிக்கப் வண்டியை அனுப்பி நம் வீட்டுப் பழைய மரிம்பாவை வரவழைத்தேன். மருமகனை நகரச் சொல்லிவிட்டு உச்சப் பக்கத்தில் நானே நின்றேன். தோளோடு தோள் இடித்துக்கொண்டு மூன்று பேரும் பொழுது சாயும் வரை வாசித்தோம், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்து என்ன பாட்டு என்று ஹசிந்தோ கோலால் விளிம்பில் தட்டிக் காட்டுவான், நான் அவனுக்குக் கேட்கிற மாதிரி மூச்சை விடுவேன், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு வந்திருந்த நொயேமி டீச்சர், இன்றைக்கு மாதிரி நீங்கள் வாசித்து நான் கேட்டதே இல்லை என்றார். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் மரிம்பாவின் மரச்சட்டத்தையும் ஒலிப்பெட்டிகளையும் கேட்டு ஹசிந்தோ வீட்டுக்குப் போனேன். அவன் வெளியே வரவில்லை. எடுத்துப் போங்கள் என்று அவன் மனைவிதான் கதவைத் திறந்துவிட்டாள், பாவம், எனக்கு ஒரு டம்ளர் காபியும் கொடுத்தாள், நான் குடிக்கவில்லை. இப்போது குடித்திருக்கலாம் என்று தோன்றுகிறது. மக்காரியோ பட்டறையில் இழைப்புளி வாங்கி முன்பலகையில் இருந்த பெயரை நானே சீவினேன். அவர், பாவம் என்று முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தில் நின்றார். நான் சொன்னேன், பாவம் என்றால் என் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும் என்று. வெடித்த கட்டைக்குப் பதில் வேறு செய்து போட்டிருக்கிறோம், நிறம் கொஞ்சம் வெளுப்பாக இருக்கும், சத்தம் சரியாக இருக்கிறது, ஒரு வருஷம் தட்டினால் கறுத்துவிடும். ஒலிப்பெட்டிகளில் சவ்வை எடுத்துவிட்டு மறுபடி மெழுகு வைத்திருக்கிறேன். நானே வைத்தேன். அது எனக்கு எப்படி இருந்தது என்று எழுத இன்னும் எழுத்து படிக்கவில்லை. முன்பலகை இப்போது வெறும் பலகை, கொஞ்சம் பள்ளமாக இருக்கும். அதில் நான் ஒன்றும் எழுதவில்லை, மக்காரியோவையும் எழுத விடவில்லை. நீயே உன் கையால் எழுது, அல்லது சும்மா விடு.

எல்லாவற்றையும் பிரித்து, கட்டைகளைச் சோளத்தோகையிலும் கம்பளியிலும் சுற்றி, பூண்டு ஏற்றிப் போகிற லாரியில் இன்று காலை வைத்தாகிவிட்டது. எல்லைக்கு அந்தப்பக்கம் வேறு வண்டிக்கு மாற்றுவார்கள், அதற்கான காகிதமெல்லாம் மக்காரியோ பார்த்துக்கொண்டார். ஏற்றுகிற நேரத்தில் லிசாந்த்ரோ தெருக்கோடியிலிருந்து வந்தான். வணக்கம் சொல்லவில்லை. நான் மந்தரப் பக்கத்துச் சட்டத்தைத் தூக்கப் போனேன், அது கனம், என்னால் அசைக்க முடியவில்லை.

"விடுங்கண்ணே. இந்தப் பக்கம் எப்பவும் நான்தானே."

தூக்கி வைத்தான், கயிற்றை இழுத்துப் பார்த்தான், போய்விட்டான். ஹசிந்தோ வரவில்லை. அவன் வீட்டு வாசலைத் தாண்டித்தான் லாரி போனது. கதவு கொஞ்சம் திறந்திருந்தது என்று உன் அம்மா சொல்கிறாள், நான் பார்க்கவில்லை.

இப்போது நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அழுவாய், அழுதுவிட்டு ஹசிந்தோவுக்குப் போன் பண்ணுவாய், மன்னித்துக்கொள்ளுங்கள் சித்தப்பா, உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன் என்பாய். பண்ணாதே. அவனோடு நான் சண்டை போட்டிருக்கிறேன், நானே தீர்ப்பேன், தீராவிட்டாலும் பக்கத்தில் நின்று வாசித்துக்கொண்டுதான் இருப்போம், எங்களுக்கு வேறு வேலை தெரியாது. உனக்கும் அவனுக்கும் நடுவில் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்றும் இல்லை. லாரி வந்ததும் கோத்து நிறுத்து. அந்தப் பையன் வருவான், இன்னொருத்தி வருவாள், கொஞ்ச நேரம் வாசித்துக்கொள்ளட்டுமா என்பார்கள். கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை. முதலில் நீ வாசி. கை வலிக்கிற வரைக்கும் வாசி. அப்புறம் கொடுக்கிறாயோ இல்லையோ, உன் இஷ்டம். எனக்குப் பதில் எழுதும்போது, மரிம்பா வந்தது அப்பா என்று எழுதாதே. என் மரிம்பா வந்தது என்று எழுது. அந்த வார்த்தையை நானே விரல் வைத்துக் கூட்டிப் படிக்க வேண்டும்.

கட்டைகளை ஜன்னல் ஓரத்தில் வெயில் படும்படி வைக்காதே, ஈரத் துணியால் துடைக்காதே. ராத்திரி தலையில் ஏதாவது கட்டிக்கொண்டு படு. அம்மா முத்தம் சொல்லச் சொன்னாள், நீ மெலிந்துவிட்டாய் என்று குரலிலேயே தெரிகிறதாம். கன்னி மாதா உன் இரண்டு கைகளையும் அதில் இருக்கிற நாலு கோல்களையும் காக்கட்டும், நீ எடுத்த படிப்பு உன் கையில் நிற்கட்டும். அடுத்த வாரம் மறுபடி எழுதுகிறேன், அதற்குள் கோபம் குறைந்திருந்தால் குறைந்த கோபத்தோடு, குறையாவிட்டால் இப்படியே.

இன்னும் கோபமாகவே இருக்கிற உன் அப்பா,
எலிசேயோ
(இந்தக் கையெழுத்து பெருவிரல் ரேகை இல்லை, பார்த்தாயா)